மாலை இல்லாமல் இறங்கிய மந்தை

— தெரியாமத்தான் கேக்குறேன், புர்கா. மந்தை இறங்கியாச்சு, மலைக்குடிலைப் பூட்டியாச்சு, கீழ ஊரே கோயில் திருவிழாவுக்கு வாத்து வறுத்துக்கிட்டு இருக்கு. நீ மட்டும் வருஷம் தவறாம, கோயில் முத்தத்து லார்ச் மரம் மஞ்சளாச்சோ இல்லையோ, ஒரு மடி உப்பும் ஒரு காய்ஞ்ச கறுப்பு ரொட்டியுமா இந்த மலையை ஏறிடுறே. அப்படி என்னதான் இருக்கு மேல?

— நீங்க இந்த மேய்ச்சலுக்கே தலைவர், கசியன் அண்ணே. மேல என்ன இருக்குன்னு கூலிக்கு மாடு மேய்க்கிறவளைக் கேக்கலாமா?

— கோடைல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். புல்லு, சாணி, நீ. மந்தை இறங்கின பிறகு மனுஷன் இங்க ஏறக்கூடாது. என் அப்பா ஏறினதில்ல, தாத்தா ஏறினதில்ல. இது குடில்ல குடியேறுற குள்ளப் பேயோட, அந்தக் குடில்குள்ளனோட காலம்.

— ஏறினா அவன் என்ன பண்ணுவானாம்?

— நாம அணைச்சுட்டு வந்த அடுப்பை மறுபடி மூட்டிப் பால் காய்ச்சுவான். அதைக் கண்ணால பாத்தவன் கழுத்தைப் பின்பக்கமாத் திருகிடுவான். சிரிக்காதே!

— சிரிக்கலண்ணே, மூச்சு வாங்குது. நான் இத்தனை வருஷமா ஏறுறேன், என் கழுத்து நேராத்தான் இருக்கு.

— உன்னைக் கண்டு அவன் ஓடியிருப்பான்.

— இருக்கும். வேர் மேல கால் வைக்காதீங்க, உறைபனி வழுக்கும். அது என்னண்ணே, உங்க முதுகுப்பையில டொக்கு டொக்குன்னு?

— எது? அதுவா? காபிக் கெண்டி.

— கெண்டிக்கு நாக்கு முளைச்சிருக்கு போல.

— நடம்மா, நட. உனக்கு வாய் பேசுனா கால் நின்னுடுது.

— என் கால் நிக்கலை. உங்க கால் வந்து சேரட்டும்னு நிறுத்தி வைக்கிறேன்.

— நக்கலா? பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சுல உக்காந்தப்பவும் இப்படித்தான். நான் சொல்றேன் கேளு, நான் ஒண்ணும் மலையை ரசிக்க வரலை. இன்னைக்குச் சாயங்காலம் கூட்டம். அடுத்த கோடைக்கு மேய்க்கிறது யாருன்னு முடிவாகணும்.

— தெரியும். பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன் ஒருத்தன் உங்க மனசுல இருக்கான்னும் தெரியும்.

— நான் என்ன பண்ணட்டும்? குதிரையைத் தொலைச்சுட்டியே! அதுவும் செல்மாவை. பொன்னை உருக்கி ஊத்தின மாதிரி உடம்பு, பால் மாதிரிப் பிடரி. போன ஈஸ்டருக்கு மெரான் ஊர்க் குதிரைப் பந்தயத்துல எத்தனை பேர் அவளைத் தடவிப் பாத்தாங்க! ஒரு உயிர் குறைஞ்சாலும் இறங்கற மந்தைக்குப் பூமாலை கூடாதுங்கறது நான் போட்ட சட்டமா?

— இல்லை. பழைய வழக்கம்.

— அப்புறம்? ஊர் முழுக்க ரெண்டு பக்கமும் நின்னு வாத்தியம் வாசிக்கக் காத்திருக்கு. மந்தை மொட்டையா இறங்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும்?

— நானும் அங்கதான் இருந்தேன், அண்ணே. நான் முன்னால நடந்தேன். வாத்தியத்தைக் கீழ வச்சுட்டு எல்லாரும் பாத்தது மாட்டை இல்லை. ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. மலைக்குப் போகாத கோடையை நான் பாத்ததில்லை. கீழ என் தங்கச்சி வீட்டு மாடில ஒரு ஜன்னல் இருக்கு, அதோரமா ஒரு நாற்காலி. இன்னைக்குக் கூட்டத்துல என்னை வேண்டாம்னுட்டா, அந்த நாற்காலிதான் நான்.

— அதான் உன்கூட வந்தேனே! எலும்பு ஏதாவது கிடைச்சா, பாறை உருண்டு செத்துச்சு, புர்கா தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடலாம்.

— உயிரோட கிடைச்சா?

— அட போம்மா. ரெண்டு தடவை பனி விழுந்து கரைஞ்சாச்சு. இன்னைக்கு ராத்திரி பெரும்பனின்னு வானொலில சொல்றான். இன்னைக்குக் கிடைக்கலைன்னா இனி வசந்தத்துல நரிதான் வந்து சொல்லணும்.

— பாப்போம்.

— பாப்போம்! எதைக் கேட்டாலும் ஒரு பாப்போம்.

— வாங்க, குடில் வந்தாச்சு. உக்காருங்க. புகை வருதான்னு கூரையை அப்படிப் பாக்காதீங்க, குள்ளன் திருவிழாவுக்குப் போயிருப்பான்.

— கிண்டல் பண்ணு, பண்ணு. இது என்ன, வாசல்ல குப்பை மாதிரி?

— குப்பை இல்லை, மாலை. கோடை முழுக்கக் கட்டினது. ஒவ்வொரு மாட்டுக்கும் ஒண்ணு. அதோ, காகிதப் பூ வச்சு உயரமா இருக்கே, அது செல்மாவுக்கு. இறங்கின அன்னைக்குக் காலைல நீங்க கையால பிடுங்கி எறிஞ்ச இடத்துலயே கிடக்கு.

— எடுத்து உள்ள வச்சிருக்கலாமே.

— எறிஞ்சவங்க எடுக்கட்டும்னு விட்டேன்.

— ...அந்த ரொட்டியை இப்படிக் கொடு. புகையில போட்ட பன்னிக்கறி நான் கொண்டாந்திருக்கேன்.

— கறியைப் பையிலருந்து எடுக்க ஏன் இப்படித் திரும்பி உக்காந்துக்கிறீங்க?

— காத்தடிக்குது. நான் சொல்றேன் கேளு, எனக்கு இன்னும் ஒண்ணு புரியலை. மந்தை இறங்கற வாரம் மூடுபனி வந்ததே, அன்னைக்கு என்னதான் நடந்தது? சரியாச் சொல்லு.

— நீட்டின கை தெரியாத பனி. கண்ணு உதவாது. அப்படிப்பட்ட நாள்ல காதாலதான் எண்ணணும். ஒவ்வொரு கழுத்துக்கும் ஒவ்வொரு மணி, ஒவ்வொரு சத்தம். இந்த வாசல்ல நின்னு கண்ணை மூடிக்கிட்டு எண்ணினேன். எல்லாம் வந்துச்சு. செல்மா வரலை.

— அவ மணிச் சத்தம் கேக்கலையா?

— கேக்கலை.

— உன் காது மந்தமா இருந்திருக்கும்.

— இருக்கும்.

— எங்க தாத்தா மணி அது. மாடு குதிரையைக் காக்கிற புனித லியோனார்து உருவம் போட்டது. அடிச்சா பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் கேக்கும். குதிரையும் போச்சு, மணியும் போச்சு.

— ஆமாம். ஊர் நடுவுல அப்படித்தான் சொன்னீங்க.

— ...இந்தச் சாராயத்துல ஒரு வாய் குடி. வேர்ச் சாராயம், குளிருக்கு நல்லது.

— கொடுங்க. அதோ மேல பாத்தீங்களா? இங்கேயோட கறுப்பு ஸ்ப்ரூஸ் காடு முடியுது. இனிமே ஊசிமரமெல்லாம் லார்ச்சுதான்.

— மஞ்சளாயிடுச்சு. இன்னும் கொஞ்ச நாள்ல மொட்டையா நிக்கும். எத்தனையோ ஊசிமரம் இருக்கு, இந்த ஒண்ணுக்கு மட்டும் ஏன் இப்படி ஒரு புத்தி? பைன் மரத்தைப் பாரு, எந்தக் குளிருக்கும் ஒரு ஊசி விடாது.

— அதுக்கு ஒரு கதை இருக்கு.

— உனக்கு எதுக்குத்தான் கதை இல்லை? சொல்லு, முட்டி ஆறட்டும்.

— ஆதில ஊசிமரம் எதுவுமே உடுப்பைக் கழட்டாது. ஒரு வருஷம் குளிர்காலத்துக்கு முன்ன மேல இருக்கற ஏரி எல்லா மரத்துக்கிட்டயும் போய்க் கேட்டுதாம்: எனக்கு மேல போர்த்திக்க ஒண்ணுமில்லை, ராத்திரில நடுங்குறேன், ஏதாவது கொடுங்கன்னு. ஸ்ப்ரூஸ், நாளைக்கு வான்னுச்சு. பைன் மரம், எங்கிட்ட இருக்கறது எனக்கே பத்தாதுன்னுச்சு. லார்ச்சுதான் எடுத்துக்கோன்னுச்சு. கொடுக்கறது கொடுக்கறோம், பழசாக் கொடுக்கலாமான்னு, பொன்முலாம் பூசிக் கொடுத்துச்சாம்.

— ஏமாந்த மரம். அப்புறம் நடுங்கிச் செத்திருக்குமே.

— நடுங்கினது உண்மை. ஆனா பெரும்பனி வந்தப்ப, உடுப்போட நின்ன மரத்துமேல எல்லாம் பனி ஏறி உக்காந்துச்சு. பாரம் தாங்காமக் கிளை கிளையா முறிஞ்சது. லார்ச்சு மேல உக்காரப் பனிக்கு இடமில்லை. வசந்தத்துல பாத்தா, முறியாம நின்னது அதுதான்.

— எழுந்திரு, பொழுது போகுது.

— பையைக் கொடுங்க, நான் சுமக்குறேன். தோள் இறங்கிக் கிடக்கு உங்களுக்கு.

— வேண்டாம்! ...வேண்டாம், புர்கா. நானே கொண்டுவர்றேன்.

— சரி. ஒரு கெண்டி இத்தனை கனம் கனக்கும்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்.

— இந்தப் பாதைல கோடைல வந்ததே மறந்துபோச்சு. இது எந்தப் பாறை?

— வாசல் பாறை. நில்லுங்க. கண்ணை மூடுங்க.

— வழுக்கற கல்லு மேல நிக்கிறேன், கண்ணை மூடச் சொல்றா!

— என் கையைப் பிடிச்சுக்கோங்க. இதைச் சுத்தினா ஏரி. மூடியாச்சா? வலது கால். இன்னொரு எட்டு. குனியுங்க, கிளை. ம்... இப்பத் திறங்க.

— ...

— கசியன் அண்ணே, மூச்சு விடுங்க.

— புர்கா... இது நம்ம மேல ஏரியா?

— அதேதான்.

— இல்லை. நான் அதை ஜூலைல பாத்திருக்கேன். பச்சையா, ஒரு பெரிய குட்டை மாதிரி, ஈ மொய்ச்சுக்கிட்டு. இது அது இல்லை.

— அந்தச் சப்பைப் பாறைலதான் போன ஜூலைல வழுக்கி, பின்பக்கமெல்லாம் சேறாகி எழுந்தீங்க. சந்தேகமா இருந்தா போய் உக்காந்து பாருங்க.

— எது மேல, எது கீழன்னு தெரியலையே. கரையெல்லாம் எரியுது. தண்ணிக்குள்ளயும் எரியுது. புகை இல்லை, சூடு இல்லை. ஒரு சத்தம் இல்லை. அந்த உச்சிப்பாறை வெள்ளையா தலைகீழாத் தொங்குது... யாரோ இப்பத்தான் பண்ணி முடிச்சுட்டு, கையைத் துடைச்சுக்கிட்டுப் பின்னால நகர்ந்து நிக்கற மாதிரி இருக்கு.

— தொப்பியை ஏன் கழட்டுனீங்க?

— கழட்டலையே... அட! கை தானாப் போயிருக்கு. பூசைல மணி அடிச்சு சாமியார் அப்பத்தைத் தூக்கும்போதுகூட, என் பெண்டாட்டி இடிச்சாத்தான் இந்தக் கை எழும்பும்.

— காத்து வருது. அசையாதீங்க. இப்பப் பாருங்க.

— மாதாவே!

— ம்.

— மழையாப் பெய்யுதே. பொன்மழை. முழு மலையும் உதிருதே, புர்கா.

— கையை நீட்டுங்க.

— எடையே இல்லை. மயிரிழை மாதிரி இருக்கு, எடையே இல்லை. ஆனா இத்தனையும் சேர்ந்து வரும்போது நெஞ்சை அமுக்குது.

— கொஞ்சம் கேளுங்க. தண்ணில விழுது பாருங்க, அந்தச் சத்தம்.

— ...கேக்குது. சத்தம்னு சொல்ல முடியாது. சின்னப்புள்ளை தூக்கத்துல மூச்சு விடற மாதிரி.

— உங்க மீசைல நாலஞ்சு மாட்டிக்கிட்டு இருக்கு.

— இருக்கட்டும், தட்டாதே. எங்க மலை, எங்க மலைன்னு மூணு தலைமுறையாச் சொல்லிக்கிட்டோம். எங்க அப்பா இதைப் பாக்காமயே போயிட்டாரே. வருஷா வருஷம் இது இங்க நடந்திருக்கு. நான் கீழ உக்காந்து வாத்துக்கால் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். இது மேல யாருமே இல்லாதப்பவும் இப்படித்தான் இருக்குமா?

— நாளைக்கும் இருக்கும். நாம கீழ போனதும் நிறுத்திடாது. குள்ளனுக்கு நல்ல ரசனை, அண்ணே. கழுத்தைத் திருகுவேன்னு உங்களையெல்லாம் மிரட்டி இறக்கிவிட்டுட்டு, இதைத் தனியா வச்சுக்கிட்டான்.

— ஏன் இதை யார்கிட்டயும் சொல்லலை?

— என்னன்னு சொல்றது? மஞ்சளா இருக்குன்னா?

— சரி... சரி. தேட வந்தோம். நான் சொல்றேன் கேளு. நீ எதிர்க்கரைக்குப் போ. நான் இங்க, தண்ணி ஓரமாப் பாக்கறேன்.

— தண்ணிக்குள்ள குதிரை இருக்குமா?

— விழுந்திருந்தா?

— அப்படித் தேடறதா இருந்தா அந்தச் சப்பைப் பாறைகிட்டத் தேடுங்க. ஏரிலயே ஆழம் அங்கதான். போட்டது எதுவும் திரும்ப மேல வந்ததில்லை.

— ...நீ போ.

— போறேன். விழுந்துடாதீங்க.

— ...

— செல்மா! ஹோ, செல்... ஹோ! இந்தா, உப்பு! செல்மா!

— கத்தாதே, புர்கா! பாறை உன்னையே திருப்பிக் கத்துது!

— அண்ணே! முட்டி போட்டு என்ன பண்றீங்க?

— கை கழுவுறேன்!

— பையைத் திறந்து வச்சா கை கழுவுவாங்க? அண்ணே, இங்கருந்து எல்லாம் நல்லாத் தெரியுது!

— புர்கா. கத்தாதே. அசையாதே.

— ஏன், என்ன?

— தண்ணிக்குள்ள... எனக்கு நேர் எதிர்ல. அந்த மஞ்சளுக்குள்ள வெள்ளையா ஒண்ணு ஆடுது.

— மேகத்தோட நிழலா இருக்கும்.

— மேகம் காதை ஆட்டுமா?

— எங்க? நான் அந்தக் கரைலதானே நிக்கிறேன். மரத்தைத் தவிர ஒண்ணும் தெரியலையே!

— உனக்குத் தெரியாது. நீ மேட்டுல நிக்கிறே, தழை மறைக்குது. தண்ணி கிளைக்கு அடில நுழைஞ்சு பாக்குது. உன் இடது கைப்பக்கம், ரெட்டையாச் சாஞ்ச லார்ச்சு. அதுக்குக் கீழ. உடம்பு அப்படியே மரத்தோட நிறம். பிடரி மட்டும்... ஐயோ! செல்மா! புர்கா, செல்மாதான்! நிக்கிறா! உயிரோட நிக்கிறா!

— மெதுவாண்ணே, மெதுவா... ஆமா. ஆமா, கண்டுட்டேன். அடி என் தங்கமே. இந்தா உப்பு... என் கைதான், மோந்து பாரு... வா...

— கிட்டப் போகாதே! பின்னால நகருறா!

— கூப்பிட்டா வர்றவ, என்னைக் கண்டு மிரளுறாளே. முழுசாக் காட்டுக் குதிரையா மாறிட்டா.

— அவளுக்குப் பின்னால என்ன இருக்கு?

— சரளைக்கல் சரிவு. அதுக்கு மேல கணவாய். அங்க ஏறிட்டா ராத்திரி பெரும்பனில மாட்டிக்குவா. அப்புறம் நரி வந்து சொல்ல வேண்டியதுதான்.

— நான் சுத்திக்கிட்டு வரட்டுமா?

— ரெண்டு பேரைப் பாத்தா பாய்ஞ்சுடுவா. அங்கேயே இருங்க. உப்பு எடுபடலை, என் குரலும் எடுபடலை. குட்டிலருந்து அவ காதுல விழுந்த சத்தம் வேற ஒண்ணு இருக்கு. அதுக்குத்தான் வருவா. கேக்குதா, அண்ணே? ஆனா அதுதான் அவ கழுத்தோட தொலைஞ்சு போச்சே. ஊருக்கே சொன்னீங்களே.

— புர்கா...

— திரும்பிட்டா. கல்லு மேல கால் வச்சுட்டா.

— புர்கா, கண்ணை மூடிக்கோ.

— எதுக்கு?

— கேக்காதே. கொஞ்ச நேரம். என்னைப் பாக்காம இரு, அது போதும். மூடு!

— மூடிட்டேன்.

— ...

— அண்ணே. இது காபிக் கெண்டிச் சத்தம் இல்லை. நிறுத்தாதீங்க! அடிங்க, இன்னும் அடிங்க! நின்னுட்டா! காதைத் திருப்பறா!

— நீ கண்ணைத் திறந்துட்டியா?

— திறக்காம எப்படி? நல்லா வீசி அடிங்க! இறங்கறா... தண்ணி ஓரம் வந்துட்டா. உங்க பக்கம்தான். அசையாதீங்க, மணியை மட்டும் ஆட்டுங்க... கடவுளே, அந்த மஞ்சளுக்குள்ளருந்து பிரிஞ்சு வர்றதைப் பாருங்களேன்! மரம் ஒண்ணு கால் முளைச்சு நடந்து வர்ற மாதிரி.

— புர்கா... வந்துட்டா. என் தோள்ல தலையை வச்சுட்டா. எலும்பா இருக்கா. உடம்பெல்லாம் லார்ச் ஊசி. மூக்கு சுடுது புர்கா, உயிரோட சுடுது!

— கயித்தை மெதுவாப் போடுங்க. வர்றேன், சுத்திக்கிட்டு வர்றேன்.

— ...

— அடி கள்ளி. இந்தா, நக்கு. இப்ப என் கையைத் தெரியுதா? எங்க ஓடுனே? இதையெல்லாம் ஒண்டியா உக்காந்து பாக்கணும்னு ஆசையா உனக்கு? ...அண்ணே, அழுதா மூக்கைச் சிந்துங்க, மீசைல வழியுது.

— எப்பத்துலருந்து தெரியும் உனக்கு?

— எது?

— விளையாடாதே.

— ஆகஸ்ட் கடைசில, பர்த்தலோமேயு திருநாளன்னைக்கு மேல வந்தீங்க. நான் பால் கறந்துக்கிட்டு இருந்தேன். செல்மா கழுத்து மணியைக் கழட்டி, நாக்குல வைக்கோலைச் சுத்தி, கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டு இறங்குனீங்க.

— மெருகு போடத்தான் எடுத்தேன். இறங்கற நாள்ல வெயில் பட்டாக் கண்ணைப் பறிக்கணும், எல்லாரும் கசியன் வீட்டு மணியைப் பாருன்னு சொல்லணும்னு. பட்டறைக்காரன் இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தான். அதுக்குள்ள மூடுபனி வந்துடுச்சு.

— வாத்தியத்துக்காக மணியைக் கழட்டினோம். மணி இல்லாததால வாத்தியமும் இல்லாமப் போச்சு.

— இறங்கின அன்னைக்கு எல்லாரும் என்னையே பாத்தாங்க. வாயிலருந்து வந்துடுச்சு: குதிரையும் போச்சு, மணியும் போச்சு, எல்லாம் இவளாலன்னு. அதுக்கப்புறம் மணி பட்டறைலருந்து வீட்டுக்கு வந்துச்சு. பளபளன்னு. எங்க வைப்பேன்? பரண்ல வச்சேன், கோதுமைக்குள்ள புதைச்சேன். அது சும்மா கிடந்தாலும் எனக்குச் சத்தம் கேக்குது. ஆத்துல போட்டா வெள்ளத்துல எங்கயாவது ஒதுங்கும். தாத்தா பேரு பொறிச்சிருக்கே.

— அதான் மேல ஏரி.

— அதான்.

— தனியா வந்து போட்டுட்டுப் போயிருக்கலாமே. என்னை எதுக்குத் துணைக்குச் சேத்தீங்க?

— ...குடில்குள்ளன்.

— என்னது?

— தனியா வரப் பயமா இருந்துச்சு! சிரிக்காதே. செல்மா மிரளுறா பாரு, சிரிக்காதே!

— ஐயோ... சரி, சரி. சிரிக்கலை.

— நீ ஏன் ஊர் நடுவுல வாயைத் திறக்கலை? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் செத்திருப்பேன்.

— செல்மா இல்லாம நான் வாயைத் திறந்தா, தலைவர் பேச்சா, மேய்க்கிறவ பேச்சான்னு ஆகும். யார் பேச்சு நிக்கும்னு எனக்குத் தெரியாதா? அதான் பேசறதை விட்டுட்டுத் தேடினேன்.

— இன்னைக்கு நான் எதுக்கு வர்றேன்னும் தெரியும். தெரிஞ்சும் ஆழம் எங்கன்னு நீயே காட்டினியே!

— காட்டினேன். போடறதும் போடாததும் உங்க கை. போடறதுக்கு முன்ன ஒரு தடவை இந்த ஏரியைக் கண்ணைத் திறந்து பாத்துடட்டும்னு நினைச்சேன். அவ்வளவுதான்.

— பாத்தேன். அப்பவும் போடத்தான் குனிஞ்சேன், புர்கா. பொய் சொல்ல மாட்டேன். கையை நீட்டிட்டேன். இத்தனை பொன் மிதக்குற தண்ணில இதை எங்கன்னு போடறது? ஒரு இடம் வெறுமையா இல்லை. எந்த இடத்துல போட்டாலும் ஒரு ஓட்டை விழும்போல இருந்துச்சு. இடம் தேடிக்கிட்டு இருந்தேன். அப்பத்தான் அவ காதை ஆட்டினா.

— மேகம் இறங்குது. கிளம்பணும், அண்ணே.

— இப்பக் கிளம்பினா ஊருக்கு எப்பப் போய்ச் சேருவோம்?

— வெளிச்சத்துலயே போயிடலாம். எல்லாரும் கோயில் முத்தத்துலதான் இருப்பாங்க. விருந்து முடிஞ்சு கூட்டத்துக்கு உக்கார்ற நேரம். வேணும்னா பின்பக்கமா, மரம் அறுக்குற மில் வழியா இறங்கலாம். யாரும் பாக்க மாட்டாங்க. செல்மா கிடைச்சாச்சு, எனக்கு அது போதும். மணி புதர்ல கிடந்துச்சுன்னு சொல்லிக்கோங்க.

— நடுத்தெரு வழியாத்தான் போறோம். வாத்தியக்காரங்க முன்னால. அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குப் பையன் வந்திருந்தா அவன் முன்னாலயும். முதல்ல உன் கத்தியைக் கொடு.

— எதுக்கு?

— லார்ச்சுக் கிளை வெட்ட. மாலை கட்டணும். அன்னைக்குப் பிடுங்கினது இந்தக் கைதானே.

— உங்களுக்கு மாலை கட்டத் தெரியுமா? இப்படி இல்லை. முறுக்குங்க. தழையை வெளிப்பக்கமா விடுங்க. ஊர் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உதிர்ந்துடும், அண்ணே.

— உதிரட்டும். எந்த வழியா இறங்கினோம்னு எல்லாரும் பாக்கட்டும். ...வச்சாச்சு. கோணலா இருக்கா?

— கோணல்தான். ஆனா செல்மா ராணி மாதிரி இருக்கா. நில்லுடி, தலையை ஆட்டாதே. அண்ணே, அந்த மணியை இப்படிக் கொடுங்க, வெளிச்சம் போறதுக்குள்ள செல்மா கழுத்துல மாட்டிடறேன்.

— இந்தா. ஊருக்குள்ள இதை நான் போட்டுக்கிட்டு வர்றேன். வாரைக் கடைசி ஓட்டைல இறுக்கு, புர்கா. என் கழுத்து செல்மாவோடதைவிடச் சின்னது.